அயர்லாந்தின் பழைய காசு சேர்க்கிறீர்களா? முதலில் ஒரு தராசு வாங்குங்கள்

கேள்வி கேட்டவர் அயர்லாந்தின் கார்க் நகரில் வேலை பார்க்கிறார். "டப்ளின் வைக்கிங் அரசன் சிட்ரிக்கின் வெள்ளிப் பென்னி, மிக அரிது" என்ற விளம்பரத்தோடு ஒரு காசு அவர் கண்ணில் பட்டிருக்கிறது. மற்ற இடங்களில் கேட்கும் விலையில் பாதிகூட இல்லையாம். அதை வாங்கலாமா, அதிலிருந்து தொடங்கி அயர்லாந்தின் இடைக்கால நாணயங்களைச் சேர்க்கலாமா, பின்னாளில் விலை ஏறுமா என்று கேட்டிருக்கிறார். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான்: ஒரு காசு அரிது என்று யாரோ சொன்னால் அந்தச் சொல்லை எப்படி நிறுத்துப் பார்ப்பது? நிறுத்துப் பார்ப்பது என்பதை நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். என் பதிலில் பெரும்பகுதி எடையைப் பற்றியதுதான்.

இந்தப் பதிலை எவ்வளவு நம்பலாம் என்று தெரிய, என்னைப் பற்றி இரண்டு வரி. நான் படித்தது உலோகவியல். டப்ளினுக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன, அதில் 18 ஆண்டுகளாக இந்தத் தீவின் காசுகளைச் சேர்க்கிறேன். வியாபாரி இல்லை. 1460 முதல் 1691 வரையிலான காசுகளைக் கையில் எடுத்துப் பார்த்த பழக்கம் நிறைய உண்டு. வைக்கிங் காலக் காசுகளில் எழுத்தின் வளைவை வைத்தே இது இன்ன அச்சு, இன்ன பத்தாண்டு என்று சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள், நான் அந்த வரிசையில் இல்லை. ஆனால் ஒரு காசு வார்க்கப்பட்டதா, அச்சில் அடிக்கப்பட்டதா, அதன் உலோகம் சொன்னபடி இருக்கிறதா என்பதில் எனக்கு நம்பிக்கையோடு பேச முடியும்.

சிட்ரிக் காசை இப்போதைக்கு வாங்க வேண்டாம். காரணம் சொல்கிறேன். 10ஆம் நூற்றாண்டின் கடைசிவரை அயர்லாந்துக்குச் சொந்த நாணயம் கிடையாது. மாடும், எடைபோட்ட வெள்ளித் துண்டும்தான் கணக்கு. 997 வாக்கில் டப்ளினை ஆண்ட சிட்ரிக், 'பட்டுத்தாடி' என்று பட்டப்பெயர் பெற்றவன், இங்கிலாந்து மன்னன் எதெல்ரெட்டின் பென்னியைப் பார்த்து அதே போல அடிக்க வைத்தான். சில காசுகளில் சிட்ரிக், டப்ளின் அரசன் என்றே எழுத்து இருக்கும். சிலவற்றில் முன்புறம் எதெல்ரெட்டின் பெயரே இருக்கும், பின்புறத்தில் மட்டும் டப்ளினின் பெயரும் ஃபேரெமின் போன்ற அக்கசாலைக்காரரின், அதாவது காசு அடித்தவரின், பெயரும் வரும். இவை உண்மையிலேயே முக்கியமான காசுகள். இவற்றில் கணிசமானவை ஸ்காண்டிநேவியப் புதையல்களில் கிடைத்தவை. சிலவற்றின் மேல் கத்தி முனையால் குத்திய சிறு வடுக்களைப் பார்க்கலாம். வெள்ளி நல்லதுதானா என்று 1,000 ஆண்டுக்கு முன் ஒரு வணிகர் சோதித்த தடம் அது. எனக்கு அந்த வடு உள்ள காசுகள் வடு இல்லாதவற்றைவிடப் பிடிக்கும்.

இந்த வகைக் காசுகள் சிட்ரிக்கோடு முடியவில்லை. 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை டப்ளினில் தொடர்ந்து அடித்தார்கள். 1960களில் மைக்கேல் டாலி என்ற நாணயவியலாளர் இவற்றை ஏழு கட்டங்களாகப் பிரித்தார், இன்றும் எல்லோரும் அந்தப் பிரிவைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஏலங்களில் அடிக்கடி வருவது மூன்றாம் கட்டம், ஏறத்தாழ 1035 முதல் 1060 வரை. பின்புறச் சிலுவையின் இடைவெளிகளில் சிறு கை உருவம் இருக்கும். எழுத்து, படிக்கத் தெரியாதவர் பார்த்து வரைந்தது போல வெறும் கோடுகளாகப் போயிருக்கும். பல காசுகள் 1 கிராமுக்கும் கீழே இறங்கிவிட்டவை. சிட்ரிக் ஆட்சியை இழந்தது 1036இல். ஆக இந்தக் கைக் காசுகளில் பெரும்பாலானவை அவன் காலத்துக்குப் பிந்தியவை. ஆனாலும் விற்பவர்கள் எல்லாவற்றையும் 'சிட்ரிக் பென்னி' என்றே எழுதுகிறார்கள். நீங்கள் பார்த்தது மூன்றாம் கட்டக் காசாக இருந்தால் பாதி விலை என்பது மலிவே இல்லை, அதன் சரியான விலையே அவ்வளவுதான். முதல் கட்டக் காசாக இருந்தால் பாதி விலைக்கு ஒருவர் ஏன் விற்கிறார் என்று கேட்க வேண்டும்.

இங்கே 'அரிது' என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். மொத்தமாகவே சில காசுகள்தான் மிஞ்சியிருக்கின்றன என்பது ஒரு அரிது. 1646இல் டப்ளினில் தங்கத்தில் வெட்டிய பிஸ்டோல் காசுகள் அப்படி. உலகத்தில் மிஞ்சியவற்றை விரல்விட்டு எண்ணலாம், அவற்றில் சில அருங்காட்சியகங்களுக்குள் போய்விட்டன. காசு நிறைய உண்டு, நல்ல நிலையில் இருப்பதுதான் குறைவு என்பது இன்னொரு அரிது. ராணி மேரி, அவர் கணவர் பிலிப் இருவரின் முகமும் எதிரெதிரே பார்க்கும் 1555ஆம் ஆண்டு ஷில்லிங் (12 பென்னி) அதற்கு நல்ல உதாரணம். முகம் தேய்ந்து கறுத்த காசுகள் சாதாரணமாகக் கிடைக்கும், இரண்டு முகமும் தெளிவாக உள்ளதைப் பார்க்க வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்புறம், இனம் சாதாரணம், அதற்குள் ஒரு ஊரோ ஒரு மாதமோ (மாதம் பொறித்த காசுகள் பின்னால் வரும்) மட்டும் அரிது என்பதும் உண்டு. முதலாம் எட்வர்டின் டப்ளின் பென்னி எந்தச் சந்தையிலும் கிடைக்கும், வாட்டர்ஃபோர்ட் பென்னியும் அப்படியே. உங்கள் ஊரான கார்க்கில் அடித்தது கிடைப்பது கடினம். புதிதாகத் தொடங்குபவர் காசும் மன நிம்மதியும் இழப்பது முதல் வகையில். கற்றுக்கொள்ள வாய்ப்பு இருப்பது மற்ற இரண்டிலும்தான்.

ஏன் இந்த நாட்டுக் காசுகள் இப்படித் தேய்ந்தும் கறுத்தும் கோணியும் இருக்கின்றன? தரம் தெரியாமல் செய்ததால் அல்ல. அயர்லாந்தின் காசு பெரும்பாலான காலம் இங்கிலாந்தின் காசைவிட எடையில் அல்லது வெள்ளியின் மாற்றில், அதாவது தூய்மையில், குறைவாக இருக்க வேண்டும் என்று யாரோ முடிவெடுத்தார்கள். அந்த முடிவுகளின் வரலாறுதான் இந்தச் சேகரிப்பு. இதைப் புரிந்துகொண்டபின் எனக்கு 'அழகான காசு' என்ற தேடலே போய்விட்டது.

இங்கிலாந்து மன்னர்களின் ஆட்சி இங்கே வந்த ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஜான் மன்னன் 1207 வாக்கில் வெளியிட்ட பென்னியும், மூன்றாம் ஹென்றி 1251 முதல் 1254 வரை டப்ளினில் அடித்த பென்னியும், முதலாம் எட்வர்டின் பென்னியும் இங்கிலாந்துக் காசுக்குச் சமமான தரம்தான். ஏறத்தாழ 1.4 கிராம் நல்ல வெள்ளி. வேறுபடுத்திக் காட்டுவது மன்னனின் முகத்தைச் சுற்றியுள்ள முக்கோணம் மட்டுமே. அந்த முக்கோணம் அயர்லாந்தின் சின்னமான யாழைக் குறிக்கிறது என்று பலர் உறுதியாக எழுதுகிறார்கள். அது ஊகம்தான், அக்கால ஆவணம் எதுவும் அப்படிச் சொல்வதாகத் தெரியவில்லை. உறுதியாகச் சொல்லக்கூடியது, எட்வர்ட் காலத்தில் முக்கோணம் தலைகீழாகத் திரும்பி, முனை கீழே வந்தது என்பது. தரம் நன்றாக இருந்ததால் இந்தக் காசு நாட்டைவிட்டு வெளியேறிக்கொண்டே இருந்தது. எட்வர்ட் தன் போர்களுக்கு அயர்லாந்தின் கருவூலத்திலிருந்து தொடர்ந்து பணம் எடுத்தான். இன்று இங்கிலாந்தில் கிடைக்கும் அக்காலப் புதையல்களில் டப்ளின் காசுகள் கலந்திருப்பது அதனால்தான்.

1460இல் திரொகெடாவில் கூடிய அயர்லாந்து நாடாளுமன்றம் யார்க் கோமகன் ரிச்சர்டின் தலைமையில், இந்நாட்டுக்குத் தனி நாணயம் வேண்டும் என்று முடிவு செய்தது. நான்கு பென்னி மதிப்புள்ள க்ரோட் இங்கிலாந்தில் 60 கிரெய்ன், அதாவது ஏறத்தாழ 3.9 கிராம். இங்கே 45 கிரெய்ன், 2.9 கிராம். இங்கிலாந்துக் க்ரோட்டுக்கு இங்கே ஐந்து பென்னி மதிப்பு வைத்தார்கள். எடை குறைந்த காசை யாரும் வெளியே கொண்டுபோக மாட்டார்கள், எனவே பணம் உள்ளூரிலேயே சுழலும் என்பது கணக்கு. அந்த முதல் க்ரோட்டில் மன்னன் பெயரே கிடையாது, ஒரு கிரீடம் மட்டும்தான். ரோஜாப் போர்களின் நடுவே யார் மன்னன் என்பதே சண்டையாக இருந்த காலம் அது. ஒரு காசு இவ்வளவு கவனமாக மௌனம் காப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அதற்குப் பின் வந்த, மூன்று கிரீடம் பொறித்த காசுகள் 1483 வாக்கில் தொடங்கி ஏழாம் ஹென்றி காலம் வரை நீள்கின்றன. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. 1487 மே 24 அன்று அரியணைக்கு உரியவன் என்று முன்னிறுத்தப்பட்ட லாம்பர்ட் சிம்னல் என்ற சிறுவனை டப்ளின் கிறைஸ்ட் சர்ச் தேவாலயத்தில் 'ஆறாம் எட்வர்ட்' என்று முடிசூட்டினார்கள். கில்டேர் பிரபு ஜெரால்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் அவன் பக்கம் நின்றார், வாட்டர்ஃபோர்ட் நகரமோ ஹென்றியின் பக்கம். இது வரலாறு. ஆனால் குறிப்பிட்ட ஒரு காசைக் காட்டி "இது சிம்னலின் காசு" என்று விற்கும்போது அது வரலாறு அல்ல, ஒரு கருத்து. இந்த வகையில் பல காசுகளில் மன்னனின் பெயரே இல்லை. எட்வர்ட் என்று பெயர் இருப்பவை நான்காம் எட்வர்டின் காசாகவும் இருக்கலாம். ஆய்வாளர்கள் சிலவற்றைச் சிம்னலுக்குக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு, அந்தக் காரணத்தை விற்பவர் எழுத்தில் தர முடிந்தால் மட்டும் அதற்கான கூடுதல் விலையைப் பற்றிப் பேசுங்கள்.

யாழ் முதன்முதலாகச் சந்தேகமின்றிக் காசில் ஏறியது எட்டாம் ஹென்றியின் காலத்தில், 1534இல். இவை டப்ளினில் அல்ல, லண்டன் கோபுரத்தில் அடிக்கப்பட்டு இங்கே வந்தவை. யாழின் இருபுறமும் இரண்டு எழுத்து: ஹென்றிக்கு எச், மறுபுறம் அப்போதைய ராணிக்கு ஒரு எழுத்து. ஆன் பொலினுக்கு ஏ, ஜேன் சீமூருக்கு ஐ (அன்று ஜே-யையும் ஐ என்றே எழுதினார்கள்), கேத்தரின் ஹோவர்டுக்குக் கே. பிறகு ராணி எழுத்தே கைவிடப்பட்டு, மன்னன் என்ற பொருளில் ஆர். ஆன் பொலினின் தலை விழுந்தது 1536 மே மாதம், ஜேன் இறந்தது 1537 அக்டோபர், கேத்தரினை மணந்தது 1540 ஜூலை. ஆக ஆண்டு எழுதாத காசுக்கு அந்த ஒற்றை எழுத்தே தேதி. 1541இல் அயர்லாந்தின் 'பிரபு' என்ற பட்டம் 'மன்னன்' என்று மாறியது, எழுத்தும் அப்படியே மாறிவருவதைப் பின்வந்த காசுகளில் பார்க்கலாம். முதல் காசாக எதை வாங்குவது என்று என்னிடம் யார் கேட்டாலும் ஒரு யாழ் க்ரோட் என்றுதான் சொல்வேன். படிக்க முடியும், எடைபோட்டால் பொருள் புரியும், சுமாரான நிலையில் உள்ளது சம்பளக்காரருக்குக் கட்டுப்படியாகும். அரை க்ரோட் பக்கம் உடனே போக வேண்டாம், அது அரிது, அதனால் போலியும் உண்டு.

அதற்குப் பின் மாற்று சரிந்தது. 1552ஆம் ஆண்டு ஷில்லிங்கில் நான்கில் ஒரு பங்குதான் வெள்ளி, மீதி செம்பு. பிலிப், மேரி காசும் அப்படியே. முதலாம் எலிசபெத் 1561இல் நல்ல வெள்ளியில் மூன்று யாழ் பொறித்த ஷில்லிங்கை வெளியிட்டார். அது கிடைத்தால் விடாதீர்கள். ஆனால் ஒன்பதாண்டுப் போரின் செலவு கழுத்தை நெரித்தபோது, 1601இல் மறுபடியும் நான்கில் ஒரு பங்கு வெள்ளிக்கே இறங்கினார். அந்தக் காசைச் சுற்றி நடந்த வழக்கு ஒன்று இன்றும் சட்டம் படிப்பவர்களுக்குப் பாடம். திரொகெடாவைச் சேர்ந்த பிரெட் என்ற வணிகர் லண்டனின் கில்பர்ட்டிடம் 100 பவுனுக்குச் சரக்கு வாங்கியிருந்தார். இங்கிலாந்தின் செல்லுபடியாகும் பணத்தில், அயர்லாந்தில் தருவதாகப் பேச்சு. இடையில் மட்டமான புதுக் காசு வந்துவிட்டது. பிரெட் அதையே எண்ணி வைத்தார். 1605இல் தீர்ப்பு வந்தது, கடன் தீர்ந்தது என்று. காசின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியில் அல்ல, அரசி சொன்ன எண்ணில் இருக்கிறது என்பது அதன் சாரம். மேசை மேல் ஒரு 1601 ஷில்லிங்கை வைத்து, கறுத்துப் போன அந்த முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கில்பர்ட்டின் நிலைமைதான் எனக்கு ஞாபகம் வரும். இந்தக் காசை வெள்ளையாகத் தேய்த்துப் பளபளப்பாக்கி விற்கிறார்கள். வாங்காதீர்கள். கறுப்புதான் அதன் உண்மை.

1641இல் தொடங்கிய கிளர்ச்சியின் அவசரக் காசுகளைப் பற்றிச் சுருக்கமாக. ஆர்மண்ட் பிரபு ஜேம்ஸ் பட்லர் 1643இல் டப்ளின் மக்களின் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கி வெளியிட்டவை நிறையவே மிஞ்சியுள்ளன. ஒருபுறம் கிரீடத்தின் கீழ் சார்லஸ் மன்னனைக் குறிக்கும் சி, ஆர் என்ற எழுத்துகள், மறுபுறம் மதிப்பு மட்டும். கிளர்ச்சிப் பக்கமிருந்த கூட்டணிக் கத்தோலிக்கர்கள் கில்கென்னியில் அடித்த 'கொல்லன்' அரை க்ரவுன், எடையை மட்டும் முத்திரையிட்ட, இஞ்சிகுவின் பிரபுவின் பெயரால் வழங்கும் காசு, முற்றுகைக்குள் இருந்த கார்க், பாண்டன், கின்சேல், யாஹல் ஊர்களின் காசு என்று இன்னும் பல உண்டு. வடிவம் எளியதாக இருப்பதால் போலி செய்வதும் எளிது. நான் இந்த வகையில் பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு வந்ததைத் தவிர வேறெதையும் வாங்குவதில்லை.

சரி, நான் அதிகம் பேச விரும்புவது பீரங்கிக் காசு. இங்கிலாந்தில் ஆட்சியை இழந்த இரண்டாம் ஜேம்ஸ் 1689இல் அயர்லாந்துக்கு வந்து படை திரட்டினார். வெள்ளி இல்லை. பழைய பீரங்கி, உடைந்த மணி, வீட்டுச் சட்டிபானை என்று கிடைத்த பித்தளையையும் வெண்கலத்தையும் உருக்கி, டப்ளினின் கேப்பல் தெருவில் ஷில்லிங்கும் ஆறு பென்னியும் அரை க்ரவுனும் அடித்தார்கள், பின்னர் லிமரிக்கிலும் அடித்தார்கள். ஆண்டோடு மாதத்தையும் பொறித்தார்கள். வெற்றி கிடைத்ததும் மாதவாரியாக வாங்கிக்கொண்டு வெள்ளி தருவதற்காக அப்படிச் செய்தார்கள் என்பது வழக்கமான விளக்கம். சேகரிப்பவருக்கு அது ஒரு வரம். ஒரே மாதத்தை 'செப்டம்பர்' என்று எழுதியும் ஏழு என்ற எண்ணை வைத்தும் எழுதியிருப்பார்கள், அக்டோபருக்கு எட்டு, நவம்பருக்கு ஒன்பது. லத்தீனில் அந்தப் பெயர்களின் பொருளே அதுதான். மார்ச் மாதக் காசு இரண்டு விதம்: 'மார்ச் 1689', 'மார்ச் 1690'. முதலாவதைப் பார்த்ததும் அது ஜேம்ஸ் வந்த வேகத்திலேயே அடித்தது என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. அப்போது புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. இன்றைய கணக்கில் 1690 மார்ச் மாதத்தின் முதல் 24 நாளில் அடித்தவற்றில் 1689, அதன் பிறகு 1690. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே மாதத்துக்குள் ஒரு புத்தாண்டு நகர்வது தெரியும்.

1690 ஜூலை 1, பாயின் நதிக்கரையில் ஜேம்ஸ் தோற்றார். அவரை வென்ற மன்னன் வில்லியம் டப்ளினுக்குள் வந்ததும் இந்தக் காசுகளின் மதிப்பைத் தரைக்குக் கொண்டுவந்தார். 60 பென்னி பெறும் என்ற க்ரவுனும், 30 பென்னி பெறும் என்ற பெரிய அரை க்ரவுனும் ஒரே ஒரு பென்னி. அடுத்த ஆண்டு அதுவும் இல்லை. படைவீரர்களும் கடைக்காரர்களும் கையில் வைத்திருந்தது வெறும் பித்தளை. முற்றுகையிலிருந்த லிமரிக்கில் மட்டும் 1691இல் அதே காசுகளின் மேலேயே மறுபடி அடித்து, அயர்லாந்தைக் குறிக்கும் ஹைபர்னியா என்ற பெண் உருவம் அமர்ந்திருக்கும் அரைப் பென்னியாகவும் ஃபார்திங்காகவும் (கால் பென்னி) மாற்றினார்கள். நல்ல ஒரு லிமரிக் காசைச் சாய்த்துப் பிடித்தால் அடியில் பழைய கிரீடமும் குறுக்கே வைத்த செங்கோல்களும் மங்கலாகத் தெரியும். பீரங்கிக் காசுகளில் சாதாரண மாதங்கள் விலை குறைவு. வகைகள் ஏராளம், ஒரு ஆயுள் போதாது. உங்கள் மாத பட்ஜெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான பழைய காசு அயர்லாந்தில் இல்லை. பச்சைப் பொடி உதிரும் காசை மட்டும் தவிருங்கள். அது வெண்கல நோய், மற்ற காசுகளின் பக்கத்தில் வைக்கவே கூடாது.

புனித பேட்ரிக்கின் உருவம் கொண்ட செம்புக் காசுகளைப் பற்றியும் கேட்பீர்கள். அவற்றின் மறுபுறம் தாவீது அரசன் யாழ் மீட்டுவான், கிரீடத்தின் மேல் மட்டும் ஒரு துளி பித்தளை பொன்போல மின்னும். இவை எந்த ஆண்டு அடிக்கப்பட்டவை என்பதில் 1640களிலிருந்து 1670கள்வரை பல கருத்துகள் மோதுகின்றன. ஆண்டை அறுதியிட்டு விற்பவரை நம்ப வேண்டாம். மார்க் நியூபி என்பவர் 1681இல் இவற்றை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனதும், அடுத்த ஆண்டு மேற்கு ஜெர்சியில் இவை செல்லுபடியாகும் பணமாக அறிவிக்கப்பட்டதும் உறுதியானவை. அமெரிக்கச் சேகரிப்பாளர்களும் போட்டியிடுவதால் நல்ல காசுகளின் விலை அயர்லாந்துக் கணக்குக்கு மேலே போய்விடும்.

இனி போலிகள். என் மூன்றாம் ஆண்டில் ஒரு கண்காட்சியில் ஒரு சிட்ரிக் பென்னி வாங்கினேன். ஒரு மாதச் சேமிப்பு முழுதும் அதில் போனது. ஏழெட்டு மாதம் கழித்து வேறொரு ஊரில், வேறொருவர் மேசையில், அதே காசைப் பார்த்தேன். அதே இடத்தில் அதே விரிசல், காதுக்குப் பக்கத்தில் அதே சின்னப் பள்ளம். கையால் சுத்தியல் அடித்த இரண்டு காசு ஒரே அச்சில் வரலாம், ஆனால் ஒரே அடியும் ஒரே தழும்பும் வர முடியாது. இரண்டும் ஒரே அச்சுக்குழியில் வார்த்தவை. உலோகவியல் படித்த நானே பரவசத்தில் விளிம்பைப் பார்க்க மறந்திருந்தேன். அன்றிலிருந்து நான் காசின் முகத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். முதலில் எடை. பிறகு விளிம்பு: சுற்றிலும் மெல்லிய ஒட்டுக்கோடோ அதை அராவி மறைத்த தடமோ இருக்கிறதா. பிறகு பத்து மடங்கு உருப்பெருக்கியில் பரப்பு: வார்த்த காசில் ஊசி முனை அளவு குமிழிகளும், எழுத்தின் ஓரத்தில் மெழுகு போன்ற வழவழப்பும் இருக்கும். அடித்த காசில் உலோகம் விளிம்பை நோக்கி ஓடிய மெல்லிய கோடுகள் தெரியும்.

நல்ல தராசு என்றால் 0.01 கிராம் காட்டுவது போதும், நகைக்கடைக்காரர் தராசு தேவையில்லை. எடை சரியாக இருந்தால் காசு நல்லது என்று ஆகிவிடாது, ஆனால் அந்த இனத்தின் வரம்பைத் தாண்டி எடை கூடியிருந்தால் உடனே வைத்துவிடலாம். குறைந்திருந்தால் அவசரப்பட வேண்டாம், ஓரம் வெட்டப்பட்ட காசுகள் அக்காலத்தில் சர்வசாதாரணம். எக்ஸ்கதிர் ஒளிர்வுக் கருவியில் காட்டினால் மேற்பரப்பின் உலோகம் தெரியும். ஆனால் அது மேற்பரப்பு மட்டுமே. மண்ணில் கிடந்த கலப்பு வெள்ளியில் செம்பு வெளியேறி, மேலே வெள்ளி கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை அப்படியே நம்பி நல்ல 1601 ஷில்லிங்கைப் போலி என்று ஒதுக்கியவரும் உண்டு. படத்தை மட்டும் பார்த்து ஒரு காசு உண்மை என்று நான் சொல்ல மாட்டேன். சில சமயம் பொய் என்று மட்டும் சொல்ல முடியும்.

சட்டம் என் துறை அல்ல, ஆனால் இதைத் தெரியாமல் இருக்கக் கூடாது. அயர்லாந்துக் குடியரசில் அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியோடு தொல்பொருள் தேடுவது 1987 முதல் குற்றம். உரிமையாளர் தெரியாத தொல்பொருள் கண்டெடுக்கப்பட்டால் அது அரசுக்குச் சொந்தம். டெரினாஃப்லன் என்ற இடத்தில் கிடைத்த பழைய தேவாலயப் பாத்திரப் புதையல் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பாதையை வகுத்தது, 1994ஆம் ஆண்டுச் சட்டம் அதை எழுத்தாக்கியது. ஆகவே "வயலில் கிடைத்தது" என்று பெருமையாகச் சொல்லி விற்கும் காசு உங்களுக்குச் சட்டப்படி சேராது. பழைய சேகரிப்பிலிருந்து வந்தது, இன்ன ஏலத்தில் விற்றது என்ற சீட்டு உள்ள காசையே தேடுங்கள். நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக ஏற்றுமதி உரிமம் தேவைப்படலாம், தேசிய அருங்காட்சியகத்திடம் முன்கூட்டியே கேளுங்கள். ஊருக்குக் கொண்டுபோவதாக இருந்தால் இந்தியாவில் 100 ஆண்டு கடந்த நாணயத்தைத் தொல்பொருளாகக் கருதும் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தையும் மனத்தில் வையுங்கள். உள்ளே போனது திரும்பி வருவது சுலபமல்ல.

விலை ஏறுமா என்ற கேள்விக்கு: முதலீடாக இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஏலத்தில் வாங்கும்போது அடித்த விலைக்கு மேல் கமிஷன் உண்டு, விற்கும்போதும் உண்டு. இந்த இரண்டையும் தாண்டி விலை ஏறினால்தான் உங்கள் பணம் திரும்ப வரும். வாங்குபவர் வட்டமும் சிறியது. மிக அரிதானவற்றுக்குப் போட்டி இருக்கும், நடுத்தரக் காசுகள் பல ஆண்டு அதே விலையில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு சனிக்கிழமை டப்ளினுக்கு வாருங்கள். காலின்ஸ் பாரக்ஸில் உள்ள தேசிய அருங்காட்சியகத்தில் இந்நாட்டு நாணயங்களின் வரிசை இருக்கிறது. ஐரிஷ் மொழியில் வெள்ளிக்கும் பணத்துக்கும் ஒரே சொல்தான், 'ஆரகட்'. அங்கே உண்மையான சிட்ரிக் காசை முதலில் கண்ணால் பாருங்கள். எவ்வளவு சின்னது, எவ்வளவு மெல்லியது என்பது எந்தப் படத்திலும் தெரியாது.

அதற்குள் உங்கள் விற்பனையாளருக்கு நான்கு கேள்வி எழுதி அனுப்புங்கள்: இரண்டு தசம இடத்தோடு எடை எத்தனை கிராம்; மூன்று கோணத்தில் விளிம்பின் படம் தர முடியுமா; டாலியின் பிரிவில் எந்தக் கட்டம்; இதற்கு முன் யாரிடம் இருந்தது, அதற்கு என்ன சீட்டு. நாலுக்கும் பதில் வந்தால் அந்தப் பதில்களை இங்கேயே போடுங்கள், எடையையும் விளிம்பையும் நான் பார்க்கிறேன், எழுத்தைப் பார்க்கத் தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். "வேறொருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், இன்றே முடிவு சொல்லுங்கள்" என்று பதில் வந்தால், அந்த வேறொருவருக்கே அதை விட்டுவிடுங்கள்.